குன்னூர் குளிர்ல தினமும் நடக்க மனசு வர மாட்டேங்குது, நீங்கல்லாம் எப்படிங்க விடாம பண்றீங்க?

பெட்போர்ட்_மேடு:
எல்லாருக்கும் வணக்கம். இவ்ளோ நாள் சும்மா படிச்சிட்டு போயிட்டு இருந்தேன், இப்பதான் எழுதறேன். வயசு 41, குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஆபீஸ்ல கிளார்க், காலைல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் சேர்தான். போன மாசம் டெஸ்ட் எடுத்ததுல சுகர் பார்டர்ல நிக்குதுன்னு சொல்லிட்டாரு டாக்டர். மாத்திரை இப்ப வேண்டாம்மா, தினமும் நடங்க, மூணு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர காட்டற ரத்த டெஸ்ட்) எடுத்துட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு. ஷூ வாங்கியாச்சு, ஸ்வெட்டர் குல்லா எல்லாம் இருக்கு, மனசுதான் இல்ல. அலாரம் அஞ்சரைக்கு அடிக்குது, ஜன்னல் வழியா பார்த்தா எதிர்வீட்டு தகரக் கூரையே தெரியல அவ்ளோ மிஸ்ட், கம்பளிய இழுத்து போர்த்துனா அப்புறம் ஏழு மணி, அப்புறம் டிபன் பாக்ஸ், பொண்ணுக்கு தலை பின்னறது, ஓட்டம். நாலு நாள் ஜோரா போவேன், மழை வரும், இல்லேன்னா கீழ ஊர்ல விசேஷம் வரும், அதோட விட்டுப்போயிரும். இந்த மலையிலயே இருந்துகிட்டு வருஷக்கணக்கா பண்றவங்க இருந்தா சொல்லுங்க. "காலைல அஞ்சு மணிக்கு எந்திரிங்க"ன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க ப்ளீஸ்.

கோவை_ரன்னர்:
மேடம், மோட்டிவேஷன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, எல்லாம் டிசிப்ளின்தான். நான் ரேஸ்கோர்ஸ்ல தினமும் அஞ்சு மணிக்கு ஓடறேன், மழையோ வெயிலோ. 21 நாள் பல்ல கடிச்சிட்டு பண்ணுங்க, பழக்கம் ஆயிடும். தினம் 10,000 ஸ்டெப் டார்கெட் வச்சுக்குங்க, வாட்ச் ஒண்ணு வாங்கி கட்டிக்குங்க.

வர்க்கி_வித்_டீ:
அண்ணா, அவங்க கடைசி வரிய படிச்சீங்களா இல்லையா ஹாஹா

ரேஸ்கோர்ஸ் நல்ல இடம்தான், நானும் வந்தா நடப்பேன். ஆனா அது சமதரை, லைட்டு, கூட நூறு பேரு. இங்க ஜனவரில ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்துப் புல்லுல உறைபனி வெள்ளையா கிடக்கும், வண்டி சீட்டு மேல இருக்கறத சுரண்டி எடுத்துட்டுதான் உக்காரணும். அதுல டிசிப்ளின் வேற எங்க இருந்து வரும்.

அப்புறம் அந்த 21 நாள் கதை. 1960 வாக்குல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு தன்னோட புது முகம் பழகறதுக்கு குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு எழுதுனாரு. "குறைஞ்சது"ங்கறது காணாமப் போயி, முகமும் காணாமப் போயி, 21 நாள் மட்டும் ஊர் ஊரா சுத்துது. நெஜமா அளந்து பார்த்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல, 2010-ல வந்த ஆய்வு, 96 பேரு. சராசரியா 66 நாள், ஒருத்தருக்கு 18, இன்னொருத்தருக்கு 254 வரைக்கும் போகும்னு கணக்கு வந்துச்சு. சாப்பாட்டோட ஒரு டம்ளர் தண்ணி குடிக்கற பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கிச்சு, எக்சர்சைஸ்தான் ரொம்ப லேட்டு. அதுல எனக்கு புடிச்சது என்னன்னா நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா ஒண்ணும் கெட்டுப்போகலையாம். அதனால அக்கா, நாலு நாள்ல ஒட்டலைன்னு நீங்க கவலைப்படறதுக்கே இடமில்ல.

10,000 ஸ்டெப்பும் அதே மாதிரிதான். 1965-ல ஜப்பான்ல ஒரு கம்பெனி பெடோமீட்டர் விக்கறதுக்கு வச்ச பேரு, 'பத்தாயிரம் அடி மீட்டர்'னு அர்த்தம். டாக்டர் யாரும் ஆராய்ச்சி பண்ணி சொன்ன நம்பர் இல்ல அது.

கோவை_ரன்னர்:
சரிப்பா, நம்பர விடு. ஆனா காலைல பண்ணலேன்னா நாள் பூரா ஏதாவது ஒண்ணு வந்து தள்ளிப்போகும், அது அனுபவத்துல சொல்றேன்.

கோத்தகிரி_கேரட்:
காலைல போகக் கூடாதுங்கறதுக்கு எங்க ஊர்ல வேற காரணம் இருக்குங்க. கரடி. வெளக்கு எண்ணெய்க்காக கோயிலுக்குள்ளயே வந்துட்டு போகும், இருட்டு பிரியறதுக்கு முன்னாடி ரோட்ல இருக்கும். காட்டுமாடு அது பாட்டுக்கு டீத்தோட்டத்துல மேஞ்சுகிட்டு இருக்கும், ஒண்ணும் பண்ணாது, ஆனா மிஸ்ட்ல பத்தடி தள்ளி நிக்கறது நமக்கு தெரியாது பாருங்க, அதான் ஆபத்து, கன்னுக்குட்டி கூட இருந்துச்சுன்னா இன்னும் மோசம். ஃபாரஸ்ட்காரங்களே விடியறதுக்கு முன்னாடி தனியா நடக்காதீங்கன்னு சொல்லிட்டுதான் இருக்காங்க. அதனால சிஸ்டர், நீங்க காலைல எந்திரிக்காதது சோம்பேறித்தனம் இல்ல, புத்திசாலித்தனம்னு வச்சுக்குங்க. ஏழு மணிக்கு மேல, நல்லா வெளிச்சம் வந்தப்புறம் போங்க.

பெட்போர்ட்_மேடு:
ஹாஹா, இத எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டறேன். ஏழு மணிக்கு மேலன்னா அடுப்பு, டிபன், ஸ்கூல் வேன். அந்த நேரம் என்னுது இல்லங்க.

ஹட்டிக்காரன்:
தப்பா எடுத்துக்காதீங்க, இந்த இழைய பார்த்தா கொஞ்சம் சிரிப்பு வருது. எங்க அம்மா முப்பது வருஷம் சரிவுல நின்னு இலை பறிச்சாங்க. காலைல எட்டு மணிக்கு தோட்டத்துல இருக்கணும், மழைன்னா பிளாஸ்டிக் ஷீட்ட இடுப்புல சுத்திக்கிட்டு, அட்டை கடிச்சா உப்பு தடவிட்டு மறுபடி பறிப்பாங்க. யாரு அவங்களுக்கு மோட்டிவேஷன் கொடுத்தா? உடம்ப அசைக்கறதுக்கு மனசு தேடறது சேர்ல உக்காந்து சம்பாதிக்கறவங்களுக்கு வர்ற பிரச்சனை.

பெட்போர்ட்_மேடு:
நீங்க சொல்றது நியாயம்தான் தம்பி. ஆனா சேர்ல உக்காந்துதானே எனக்கு சுகர் வருது, பிரச்சனை எனக்கு இருக்கு இல்ல?

வார்டு_சிஸ்டர்:
ஊட்டில நர்சா இருக்கேன், வருஷம் நிறைய ஆச்சு. ஹட்டிக்காரன் தம்பி, உங்க அம்மாவுக்கு இப்ப தோள்வலி, முதுகுவலி, முட்டிவலி எது இருக்குன்னு கேட்டா ஒண்ணாவது இருக்கும்னு நெனைக்கறேன். தோட்டத்துல இருந்து வர்ற அம்மாங்க எங்ககிட்ட அதுக்குத்தான் வர்றாங்க. வேலைல அசையறதும் அசைவுதான், உலக சுகாதார நிறுவனமே அத கணக்குல சேர்க்குது, ஆனா ஒரே கைய ஒரே மாதிரி நாள் பூரா ஓட்டறதும் பாரத்த முதுகுல தூக்கறதும் உடம்ப தேய்க்கும், ஓய்வும் கெடையாது. ரிட்டயர் ஆனதும் டக்குனு உக்காந்துடறாங்க, சாப்பாடு மட்டும் அதே அளவு, அப்பதான் சுகர் ஏறுது. அதனால அவங்களுக்கும் இந்த இழை பொருந்தும்.

இப்ப பெட்போர்ட் மேடம் விஷயத்துக்கு வர்றேன். பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150-ல இருந்து 300 நிமிஷம் மிதமான அசைவு, இல்லேன்னா மூச்சு வாங்கற மாதிரி கடுமையானதுன்னா 75-ல இருந்து 150 நிமிஷம், அதோட ரெண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கற பயிற்சி. இது 2020-ல வந்த வழிகாட்டுதல். முன்னாடி ஒரே மூச்சுல குறைஞ்சது 10 நிமிஷம் பண்ணுனாதான் கணக்குன்னு இருந்துச்சு, அத 2020-ல எடுத்துட்டாங்க. அஞ்சு நிமிஷம் ஏறுனாலும் கணக்குதான்.

மிதமா கடுமையான்னு எப்படி தெரியும்? நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது, அது மிதம். ரெண்டு வார்த்தைக்கு ஒருக்கா மூச்சு வாங்குச்சுன்னா கடுமை. குன்னூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து பெட்போர்டுக்கு ஏறிப் பாருங்க, பாதிலயே பேச்சு நின்னுடும். அப்ப கீழ ஊர்ல ஒருத்தர் சமதரைல அரை மணி நேரம் நடக்கறதுல பாதி நேரம் நீங்க ஏறுனாப் போதும். இந்த மலைல பொறந்ததுக்கு இது ஒண்ணாவது லாபம்.

ஒரு எச்சரிக்கை. ஊட்டி 2,240 மீட்டர், காத்தழுத்தம் கடல் மட்டத்தவிட கிட்டத்தட்ட கால்வாசி கம்மி, புதுசா வர்றவங்களுக்கு மூச்சு வாங்கறது அதனாலதான், இங்கயே இருக்கறவங்களுக்கு பழகிடும். ஆனா குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், பிபி ஏறும். பிபி, ஹார்ட் பிரச்சனை இருக்கற பெரியவங்க டிசம்பர் ஜனவரில விடியகாலம் வெளிய போயி வேகமா ஏறவே கூடாது. வீட்டுக்குள்ளயே கை கால் அசைச்சு சூடு பண்ணிட்டு, வெயில் வந்தப்புறம் போங்க. நெஞ்சு இறுக்கமோ தலைசுத்தலோ வந்தா அங்கயே நின்னுடுங்க.

ஹட்டிக்காரன்:
முட்டிவலி. கரெக்டா சொல்லிட்டீங்க சிஸ்டர். சுகரும் இருக்கு. சரி, நான் எழுதுன தொனி அப்படி இருந்திருக்க வேண்டாம்.

மூஞ்சிக்கல்_மணி:
கொடைக்கானல்ல இருந்து. எங்களுக்கு ஏரி இருக்கே, சுத்தி வந்தா அஞ்சு கிலோமீட்டர், பெரும்பாலும் சமம், உங்களுக்கு என்னய்யா கவலைன்னு எல்லாரும் கேப்பாங்க. ஏப்ரல் மே வந்து பாருங்கண்ணே. கார், வாடகை சைக்கிள், குதிரை, சோளம் விக்கிற வண்டி, அதுக்கு நடுவுல உள்ளூர்க்காரன் எங்க நடக்கறது. 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துச்சு, ஆனாலும் சீசன்ல ஏரிப்பக்கம் நான் போறதில்ல. கோக்கர்ஸ் வாக் 1872-ல போட்ட பாதையாம், நல்ல பாதைதான், ஒரு கிலோமீட்டர் இருக்கும், ஆனா டிக்கெட் வாங்கணும், தினமும் டிக்கெட் வாங்கி நடக்க நான் என்ன டூரிஸ்டா.

நான் பண்றது இதுதான். எனக்கு கடை. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வியாபாரம் மந்தம், பையன உக்கார வச்சுட்டு மூஞ்சிக்கல்ல இருந்து நாயுடுபுரம் பக்கம் போயிட்டு திரும்புவேன். அங்க ஒரு டீக்கடை, சர்க்கரை இல்லாம ஒரு டீ. அந்த டீக்காகத்தான் போறேன், நடக்கறதுக்காக போகல. டீக்கடைக்காரர் நான் வரலேன்னா மறுநாள் கேப்பாரு, "என்ன மணி, நேத்து காணோம்"னு. அந்த ஒரு கேள்விக்கு பயந்துட்டே நான் போறேன்னு வச்சுக்குங்களேன்.

எக்ஸ்_ஹவில்தார்:
மணி சொன்னதுதான் விஷயமே. நான் வெலிங்டன்ல டிரெயினிங் எடுத்தவன், பட்டாளத்துல இருபது வருஷத்துக்கு மேல. தினமும் காலைல பி.டி., ஓட்டம், கயிறு ஏறறது, பேரக்ஸ்ல இருந்து ஓடுனா வேர்வைல பனியன் பிழியலாம், குளிராவது ஒண்ணாவது. ஊர்ல எல்லாரும் "பட்டாளத்தான் டிசிப்ளின்"னு சொல்லுவாங்க. கோவை தம்பி சொல்ற டிசிப்ளின் எங்ககிட்ட இருந்திருக்கணும் இல்ல?

ரிட்டயர் ஆகி வந்தவங்கள பாருங்க. என் செட்டுல பாதிப் பேருக்கு ரெண்டு வருஷத்துல தொப்பை. அதே ஆளு, அதே எலும்பு. என்ன மாறுச்சு? விசில் இல்ல. வரிசைல பக்கத்துல நிக்கறவன் இல்ல. நீ வரலேன்னா உன் பேர கூப்பிட்டு கேக்கறவன் இல்ல. டிசிப்ளின் எங்க உடம்புக்குள்ள இருந்ததா நெனச்சோம், அது அந்த மைதானத்துல இருந்துச்சு. அதனால "எனக்கு மனசு வலிமை இல்ல"ன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்கறதே இல்ல. மனசு வலிமை இருந்த நாங்களே படுத்துட்டோம்.

இப்ப நாங்க நாலு பேரு, ரெண்டு பேரு பட்டாளம், ஒருத்தர் அருவங்காடு பேக்டரில இருந்து ரிட்டயர் ஆனவரு, இன்னொருத்தர் வாத்தியாரு. சாயங்காலம் நாலரைக்கு பிளாக் பிரிட்ஜ் பக்கம் கூடுவோம். வராதவன் மறுநாள் எல்லாருக்கும் டீயும் வர்க்கியும் வாங்கணும். வாத்தியாரு கஞ்சம், அதனால அவருதான் ஒரு நாளும் தவறாம வர்றாரு.

கோவை_ரன்னர்:
சார், மரியாதையோட சொல்றேன், நான் தனியாதான் ஓடறேன், எனக்கு யாரும் விசில் அடிக்கல. உள்ளுக்குள்ள இருந்து வர்றதும் உண்டு.

எக்ஸ்_ஹவில்தார்:
தம்பி, ரேஸ்கோர்ஸ்ல தினமும் பார்க்கற முகம் எத்தனை? கை தூக்கி ஹாய் சொல்றவங்க எத்தனை? நீ ஒரு வாரம் போகலேன்னா யாராவது கேப்பாங்களா மாட்டாங்களா?

கோவை_ரன்னர்:
கேப்பாங்க. வாட்ஸப் குரூப் கூட இருக்கு. சரி சார், பாதி ஒத்துக்கறேன். மீதி பாதி என்னோடதுதான்.

டிரெட்மில்_பாவி:
மழைக்காலத்துக்காகன்னு வீட்டுக்காரம்மா டிரெட்மில் வாங்க வச்சாங்க. ஜூன் ஜூலைல ஊட்டில துணி எங்கங்க காயும்? இப்ப அதுல போர்வை ரெண்டு, ஸ்கூல் யூனிபார்ம் ஒரு செட்டு, என் ஜெர்கின். நல்ல ஸ்ட்ராங்கான மெஷின், ஈரக் கம்பளி வெயிட்டெல்லாம் தாங்குது.

ஒரு ஐடியா மட்டும் எனக்கு வேலை செஞ்சுச்சு. பென்சில்வேனியா யுனிவர்சிட்டில ஒரு சோதனை பண்ணுனாங்க, விறுவிறுப்பான நாவல் ஆடியோவ ஜிம்ல மட்டும்தான் கேக்கலாம்னு கட்டுப்பாடு. அந்த ஆளுங்க ஆரம்பத்துல மத்தவங்கள விட 51 சதவீதம் அதிகமா ஜிம்முக்கு போனாங்க, கதை எங்க நின்னுச்சுன்னு தெரிஞ்சுக்கத்தான். நடுவுல பண்டிகை லீவு வந்துச்சு, அதுக்கப்புறம் அந்த வேகம் கரைஞ்சு போச்சு. நானும் துணிய எல்லாம் எடுத்துட்டு டிரெட்மில்ல ஏறுனாதான் கிரிக்கெட் ஹைலைட்ஸ்னு வச்சிருக்கேன். ஐபிஎல் முடிஞ்சா என்ன பண்றதுன்னு தெரியல.

பெட்போர்ட்_மேடு:
எல்லாரும் இவ்ளோ எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கவே இல்ல. ஹவில்தார் சார் சொன்னது மனசுல நின்னுடுச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும், ஆம்பளைங்க நாலு பேரு டீக்கடைல கூடி நடக்கறது ஈஸி சார். நான் சுடிதாருக்கு ஷூ போட்டுக்கிட்டு மார்க்கெட் பக்கம் நடந்தாலே "என்ன மேடம், சுகரா?"ன்னு கேக்கறாங்க, ஒருத்தர் இல்ல, பாக்கற எல்லாரும். அப்புறம் டிசம்பர்ல ஆறு மணிக்கே இருட்டிடுது, சிம்ஸ் பார்க் ரோட்ல ரெண்டு லைட்டுக்கு ஒண்ணுதான் எரியும், நாய் வேற.

வார்டு_சிஸ்டர்:
"ஆமா சுகர்தான், நீங்க டெஸ்ட் எடுத்தீங்களா?"ன்னு திருப்பிக் கேளுங்க. நான் அப்படித்தான் கேப்பேன், அப்புறம் அவங்க வாய தொறக்க மாட்டாங்க.

மேடம், நேரத்த பத்தி ஒண்ணு. சாப்பிட்ட உடனே பத்து பதினஞ்சு நிமிஷம் நடந்தா சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறற சுகர் அவ்ளோ ஏறாது, ஏன்னா நடக்கற தசை ரத்தத்துல இருக்கற குளுக்கோஸ இழுத்துக்கும். உங்க பிரச்சனைக்கு மத்தியான சாப்பாட்டுக்கு அப்புறம் நடக்கறது ரொம்ப பொருத்தம். வெளிச்சம் இருக்கும், கரடி இருக்காது, ஆபீஸ் ஆளுங்க இருப்பாங்க. அஞ்சரை மணி அலாரத்த எடுத்துடுங்க, அது உங்கள தினமும் தோத்த ஆளாக்குது.

வர்க்கி_வித்_டீ:
இதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். ஆஸ்திரியா மலைல ஒரு ஆய்வு பண்ணுனாங்க, ஒரு கட்டத்துல ஏறறது நடை, எறங்கறது கேபிள் கார். இன்னொரு கட்டத்துல அத அப்படியே மாத்திட்டாங்க. ஏறுனப்ப ரத்தத்துல டிரைகிளிசரைடு கொழுப்பு கொறைஞ்சுச்சு, எறங்குனப்ப உடம்பு குளுக்கோஸ கையாளற விதம் நல்லா ஆச்சு. எறங்கறது சும்மான்னு நாம நெனச்சிட்டு இருக்கோம்.

அதனால அக்கா, காலைல மினி பஸ்ஸ விட்டுட்டு எறங்கி ஆபீஸ் போங்க, ஆபீஸ்தானே, எப்படியும் போயே ஆகணும், அங்க மனசுங்கற கேள்விக்கே இடமில்ல. சாயங்காலம் இருட்டுன்னா பஸ்ல ஏறிக்குங்க.

எக்ஸ்_ஹவில்தார்:
இது நல்ல யோசனை. பஸ் பாஸ் எடுக்காதீங்க, கைல சில்லறையும் வச்சுக்காதீங்க.

பெட்போர்ட்_மேடு:
கவர்மென்ட் சாதா பஸ்ஸுல லேடீஸுக்கு ஃப்ரீ சார் ஹாஹா. நீங்க வேற.

ஆனா காலைல எறங்கறது பண்ணலாம். எங்க ஆபீஸ்ல என்கூட இன்னொரு மேடம் இருக்காங்க, அவங்களுக்கும் பிபி, மத்தியானம் சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் சேர்ல சாஞ்சு தூங்கிட்டு இருப்போம். அவங்ககிட்ட கேட்டேன், "நீ கூப்டா வர்றேன்டி, நானா எந்திரிக்க மாட்டேன்"னாங்க. நானும் அதேதான். ஒருத்தர ஒருத்தர் கூப்பிடணும், வராதவங்க மறுநாள் மத்தவங்களுக்கு பொரியல் கொண்டு வரணும்னு பேசி வச்சிருக்கோம்.

கோத்தகிரி_கேரட்:
பொரியல் நல்லா இருந்துச்சுன்னா ரெண்டு பேரும் வேணும்னே போகாம இருப்பீங்க. பாத்திரம் கழுவணும்னு வைங்க.

பெட்போர்ட்_மேடு:
அட, அது சரிதான். மாத்திட்டோம்.

சிஸ்டர், ஒரு சந்தேகம். போன வாரம் படிக்கட்டு வழியா எறங்குனதுல தொடை ரெண்டும் பிடிச்சுக்கிச்சு, ரெண்டு நாள் உக்காந்து எந்திரிக்கவே முடியல, முட்டி வலிக்கல, தொடைதான். நிறுத்தணுமா?

வார்டு_சிஸ்டர்:
வேண்டாம். எறங்கும்போது தொடைத் தசை நீண்டுகிட்டே பிரேக் போடுது, பழக்கம் இல்லாதப்ப மறுநாள், அதுக்கு மறுநாள் நல்லா வலிக்கும், அப்புறம் தானா போயிடும். அடுத்தடுத்து போகப் போக அந்த அளவு வலி வராது. முதல்ல படிக்கட்ட விட்டுட்டு ரோட்டு வழியா எறங்குங்க, சுத்துதான், ஆனா சரிவு கம்மி. குதிகால ஓங்கி வைக்காதீங்க, முட்டிய லேசா மடக்கி சின்னச் சின்ன அடியா வைங்க. முட்டில வீக்கமோ, பிடிப்போ வந்தா மட்டும் காட்டுங்க.

ஹட்டிக்காரன்:
சிஸ்டர், அம்மாவுக்கும் கேக்கணும். முட்டிவலியோட என்ன பண்ணலாம், சரிவுல நடக்க மாட்டேங்கறாங்க.

வார்டு_சிஸ்டர்:
மொதல்ல டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க தம்பி. பொதுவா எல்லாருக்கும் சொல்றது, உயரமான சேர்ல உக்காந்து ஒரு கால நேரா நீட்டி கொஞ்ச நேரம் புடிச்சு எறக்கறது, அடுத்த கால். அப்புறம் கைய ஊனாம சேர்ல இருந்து எந்திரிச்சு உக்காரறது, முடிஞ்ச வரைக்கும். தொடை பலமானா முட்டிக்கு பாரம் கொறையும். தனியா பண்ணச் சொன்னா பண்ண மாட்டாங்க, நீங்களும் பக்கத்துல உக்காந்து பண்ணுங்க. சீரியல் ஓடற நேரம் பார்த்துக்குங்க.

ஹட்டிக்காரன்:
ஏழரை சீரியல். நானும் உக்காரணுமா? சரி, அம்மாவுக்காக.

மூஞ்சிக்கல்_மணி:
இந்த மழைக்கு எல்லாரும் என்ன ஷூ போடறீங்க? என்னோடது வழுக்குது, பாசி புடிச்ச படில போன வாரம் விழப் பார்த்தேன்.

எக்ஸ்_ஹவில்தார்:
அடில வரி ஆழமா இருக்கற ரப்பர் சோல் பார்த்து வாங்குங்க, தேஞ்சு வழுவழுன்னு ஆயிருந்தா எந்த ஷூவா இருந்தாலும் மாத்திடுங்க. ஈரமானா உள்ள பேப்பர் திணிச்சு அடுப்புக்கு கொஞ்சம் தள்ளி வைங்க, அடுப்பு மேல வைக்காதீங்க, பசை விட்டுரும். குடைய விட ரெயின்கோட் நல்லது, ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும், வழுக்குனா எதையாவது புடிக்கலாம்.